கிழக்குச் சுவர்

கச்சான் எழும்பி ஒன்பதாம் நாள்.
உப்புவெளிப் பின்வீதியில்
நாய்கள் நிழலோடு சேர்ந்து நகர்ந்து படுக்கின்றன.
ஸ்கூட்டியை வேம்படியில் விட்டேன்.
பையில் படிவம், அளவு நாடா,
துவக்குப் போல ஒரு வெப்பமானி.
அதை வாசலில் வெளியே எடுப்பதில்லை.
இந்த ஊரில் எதையும்
சட்டென்று நீட்டக்கூடாது.

யோகமலர் படலையிலேயே சொன்னா:
"ஏசி ஒண்டு பூட்டப் போறன் பிள்ளை.
மகள் கட்டாரில இருந்து காசு போட்டிட்டாள்.
எத்தினை யூனிட் இழுக்கும் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"மட்டும்" என்று கேட்கும் வீடுகளில்தான்
எனக்குப் பொழுது படும்.

சீற்றின் அடிவயிற்றுக்கு வெப்பமானியைப் பிடித்தேன்.
ஐம்பத்தொரு பாகை.
"அப்ப காய்ச்சல் எனக்கில்லை" என்றா,
"வீட்டுக்கு."

பிரிட்ஜ் கதவிடுக்கில்
அவவின் நூறு ரூபாய்த் தாளை வைத்து
மூடி இழுத்தேன்.
எண்ணெய் பூசினதுபோல வழுக்கி வந்தது.
"றப்பர் போயிட்டுது அக்கா.
மாசாமாசம் காசு இப்பிடித்தான் போகுது."
எல்லா வீட்டிலும் விடுகிற பகிடி.
அவ சிரிக்கவில்லை.
தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டா.

கிணற்று மோட்டர்
ஃபுட் வால்வ் தேய்ந்து
பாதி நேரம் வெறுங்காற்றை இறைக்கிறது.
மேற்குச் சுவர் மாலை ஆறரைக்கும் கொதிக்கிறது.
எழுதிக்கொண்டே போனேன்.

பிறகு அந்த அறை.
கிழக்குச் சுவரின் நடுவே
நாலடிக்கு மூன்றடி
வேறு நிறத்தில் ஒரு பூச்சு.
வெளியே போய்ப் பார்த்தேன்:
யன்னல் படி அப்படியே இருந்தது,
அதன்மேல் ஒரு பூனை.
கடல் இருநூறு மீற்றர்.
பிற்பகல்தோறும் காற்று அவ்வளவு தூரம் வந்து
இந்தச் சுவரில் முட்டிவிட்டு
பக்கத்து வீட்டுக்குப் போகிறது.

"சுனாமிக்குப் பிறகு அடைச்சதோ?"
இல்லை என்றா.
குரலைத் தாழ்த்தினேன்:
"அப்ப... தொண்ணூறிலயோ?"
அப்போதுதான் சிரித்தா,
வாய்விட்டு.

"அந்தாளுக்கு மா ஆலையில நைட் சிப்ட்.
பகலில நித்திரை.
ஒரு சொட்டு வெளிச்சம் ஆகாது.
தைப்பொங்கல் லீவில தானே நிண்டு
தானே சாந்து குழைச்சு அடைச்சவர்."

"இப்ப?"

"இப்ப வவுனியாவில,
இன்னொரு வீட்டில.
அங்க யன்னல் இருக்காம்.
ஏழு வருசம் பிள்ளை.
அதில ரெண்டு வருசம்
ஆள் இல்லை எண்டு தெரிஞ்சும்
மெல்லமாத்தான் சட்டி கழுவினன்."

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
"காற்றோட்டத் தடைக்கான காரணம்".
கொஞ்சநேரம் பேனையை வைத்திருந்துவிட்டு
"மேசன் வேலை" என்று எழுதினேன்.

பரிந்துரைகள்:
சுவரை உடைத்து யன்னலைத் திறத்தல்.
கூரைக்கு வெள்ளைப் பூச்சு.
மேற்கே ஓலைத் தட்டி,
கச்சானுக்கு முதுகைக் காட்ட.
ஏசி என்று எழுதி, வெட்டி,
மறுபடி எழுதினேன்.
காசு அவவின் மகளுடையது,
வெக்கை அவவுடையது.
நான் ஆலோசகர் மட்டும்.

(என் வாடகை அறைக்கும் தகரக் கூரைதான்.
வீட்டுக்காரரிடம் இதையெல்லாம்
நான் இன்னும் கதைக்கவில்லை.)

ஐப்பசி முதல் மழைக்கு முன்
போனில் ஒரு படம் வந்தது.
சுவரில் ஓட்டை, ஓரங்கள் பல்லுப்பல்லாக,
சட்டம் இன்னும் போடவில்லை.
பழைய சேலை ஒன்றைக் கட்டியிருந்தா;
அது உள்ளுக்கு வளைந்து
வயிறு தள்ளி நின்றது.

கீழே ஒரு குரல் செய்தி:
"ஏசிக் காசு வங்கியிலதான் கிடக்கு.
வாங்கமாட்டன் எண்டு சொல்லேல்ல,
மாசியில யோசிப்பம்.
முந்தி நூற்றிமுப்பத்திநாலு யூனிட் எல்லே?
இந்த மாசம் தொண்ணூற்றாறு."

பின்னால் சட்டிகள்
ஒன்றோடொன்று மோதி
கணீர் கணீரென்று விழுந்துகொண்டிருந்தன.

தொண்ணூறுக்குள் இறக்க
இன்னும் ஆறு யூனிட்.
பதில் அனுப்பினேன்:
"அக்கா, அந்த பிரிட்ஜ் றப்பர்."